பிள்ளைகளை நிரல் எழுதும் தொழிலுக்கு ஊக்கப்படுத்தலாமா?

கேள்வி: குமாரபாளையத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. வீட்டில் விசைத்தறித் தொழில். கம்ப்யூட்டர் படிக்க வைத்துவிட்டால் பிள்ளைகள் கரையேறிவிடுவார்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிமேல் புரோகிராமர் வேலையே இருக்காது என்கின்றன செய்திகள். இதற்கு நடுவில் கோடிங் வகுப்பு நடத்தும் நிறுவனம் ஒன்று, ஆண்டுக்கு 40,000 ரூபாய் கட்டிச் சேரச் சொல்லி விடாமல் போன் செய்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

மூன்றுக்கும் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளையும் நிரல் எழுத, அதாவது கோடிங், கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அதுதான் அவர்களுடைய தொழில் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அந்த 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

சென்னையில் மென்பொருள் துறையில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் பொறுப்பு. விடுமுறை நாட்களில் ஒரு நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் இந்தத் துறைக்குள் நுழைவதற்கு முன்னாலும் நுழைந்த பின்னாலும் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

முதலில் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் பள்ளியை முடிக்க நான்கு ஆண்டுகள், பொறியியல் படித்தால் மேலும் நான்கு. முதல் சம்பளம் வாங்க எட்டு ஆண்டுகள் ஆகும். மகளுக்கு இன்னும் மூன்று கூடுதல். சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளிவந்ததே 2022 நவம்பரில்தான். அதற்குள் எங்கள் அலுவலகங்களில் வேலை செய்யும் விதமே மாறிவிட்டது. எட்டு ஆண்டு கழித்து எந்த வேலைக்குக் கிராக்கி இருக்கும் என்று உங்கள் சொந்தக்காரர்களுக்கும் தெரியாது, செய்தி எழுதுகிறவர்களுக்கும் தெரியாது. 2000-01-இல் டாட்காம் எனப்பட்ட இணைய நிறுவனங்கள் சரிந்தபோதும், 2008 நிதி நெருக்கடியின்போதும், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாலே பெற்றோர்கள் தயங்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே படிப்புக்கு முண்டியடித்தார்கள். இரண்டு முறையும் அந்தந்த ஆண்டின் நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்தவர்களின் பிள்ளைகள்தான் சிரமப்பட்டார்கள். அதனால் சந்தையைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள் என்கிறேன். பிள்ளையில் எதைப் பார்ப்பது என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

நூலகத்துக்கு வரும் பையன் ஒருவன். அவனும் ஒன்பதாம் வகுப்புதான், கணக்கில் நடுத்தர மதிப்பெண். அவன் அம்மா ஓர் ஏலச்சீட்டில் சேர்ந்திருந்தார்: 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். ஒவ்வொரு மாதமும் யார் எவ்வளவு தள்ளி எடுக்கிறார்களோ அதற்கேற்ப மற்றவர்கள் கட்டும் பணம் குறையும். சீட்டு முடிந்ததும் அம்மா மொத்தம் எவ்வளவு கட்டினார் என்று கணக்கிட அவன் ஒரு பைத்தான் நிரல் எழுதினான். இருபது மாதத் தொகையையும் பட்டியலாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்லியிருந்தான். நிரல் ஓடியது, விடையும் வந்தது. ஆனால் அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்த மொத்தத்துக்கும் அதற்கும் சரியாக 5,000 ரூபாய் வித்தியாசம்.

பக்கத்தில் இருந்த பெரிய பையன்கள் சொல்லித்தர வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டான். முதலில் அம்மாவின் நோட்டைச் சந்தேகப்பட்டு, அதைக் கையால் கூட்டிப் பார்த்தான். நோட்டு சரியாக இருந்தது. பிறகு யோசித்தான்: முழுதாக 5,000 கட்டியது ஏலம் நடக்காத முதல் மாதமும் கடைசி மாதமும்தான், அப்படியானால் இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதத் தொகையையும் கூட்டுவதற்கு முன் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தான். பத்தொன்பது வரிதான் வந்தது, முதல் மாதத்தைக் காணவில்லை. பைத்தான் ஒரு பட்டியலை எண்ணும்போது ஒன்றிலிருந்து தொடங்காது, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இவன் ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லியிருந்ததால் முதல் தொகை விடுபட்டுவிட்டது. கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகளிடம் நான் தேடுவது இதைத்தான். நிரல் ஓடாதபோது, அல்லது ஓடியும் தவறான விடை தரும்போது, அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? எங்கள் தொழிலில் ஒரு நாளின் பெரும்பகுதி அப்படித்தான் கழிகிறது. புதிதாக எழுதும் நேரம் குறைவு. யாரோ சில ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கான வரிகளைப் படிப்பது, ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் தொகை தப்பாக வருகிறது என்று தேடுவது, திருத்தியதால் வேறெங்காவது கெட்டுவிட்டதா என்று சோதிப்பது, இதையெல்லாம் நிரல் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி மின்னஞ்சலில் எழுதுவது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றுவிட்டது என்று போன் வந்தால் எழுந்து உட்கார வேண்டும். குளிர்சாதன அறையையும் அடையாள அட்டையையும் மட்டும் பார்க்கிற பெற்றோருக்கு இது தெரிவதில்லை. பிழை தேடுவதில் ஒருவித சுகம் காண்கிறவர்களுக்கு இது அருமையான தொழில். அந்தச் சுகம் இல்லாதவர்கள் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுகளில் உள்ளுக்குள் வாடிவிடுகிறார்கள். அப்படி வாடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் சொன்னதற்காக வந்தவர்கள்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பள்ளிக் கணக்கில் வழிமுறையை ஆசிரியர் கொடுத்துவிடுகிறார். இங்கே எந்த இடத்தில் தவறு என்றே தெரியாமல்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் கணக்கை விட்டுவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு, தரவுப் பகுப்பாய்வு என்று எந்தப் பக்கம் போனாலும் நிகழ்தகவும் அணிக்கோவையும் குறுக்கே வந்து நிற்கும்.

சரி, இதையெல்லாம் இயந்திரமே செய்துவிடும் என்கிறார்களே? கம்ப்யூட்டர் சிப் விற்கும் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2024 பிப்ரவரியில் துபாயில் பேசும்போது, இனிப் பிள்ளைகள் எல்லோரும் நிரல் கற்க வேண்டும் என்ற அறிவுரை பொருந்தாது, மனித மொழியே நிரல் மொழியாகிவிடும் என்ற பொருளில் சொன்னார். அந்தப் பேச்சு இங்கேயும் நிறைய வீடுகளில் கலக்கத்தை உண்டாக்கியது. அவர் சொன்னதில் பாதி உண்மை. சீட்டுக் கணக்கு நிரலை இன்று ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தமிழிலேயே கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் எழுதித் தந்துவிடும். அந்தப் பையன் ஒரு மணி நேரம் தேடிய பிழை அதில் இருக்காது.

வேறொன்று இருக்கலாம். ஒரு மாதம் ஒருவர் 30,000 ரூபாய் தள்ளிச் சீட்டை எடுக்கிறார் என்று வையுங்கள். கருவி அதை இருபதால் வகுத்து ஆளுக்கு 1,500 ரூபாய் கழிவு என்று போடும். ஆனால் பல சீட்டுகளில் நடத்துகிறவர் தன் பங்காக மொத்தச் சீட்டுத் தொகையில் 5 சதவீதத்தை, அதாவது 5,000 ரூபாயை முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சம் 25,000-ஐ வகுத்தால் ஆளுக்கு 1,250 ரூபாய்தான் வரும். சில ஊர்களில் நடத்துகிறவர் கமிஷன் வாங்காமல் முதல் மாதச் சீட்டை எடுத்துக்கொள்வார். சில இடங்களில் இரண்டும் உண்டு. அந்தப் பையனின் அம்மா சேர்ந்த சீட்டில் எந்த வழக்கம் என்று கருவிக்குத் தெரியாது. கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் சரியாகச் செய்யும், வந்த விடை தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் இருந்தால்தான் அது நம்பத் தகுந்ததாகும். எங்கள் அலுவலகத்திலும் நாள்தோறும் இதுவே நடக்கிறது. கருவி நிரலைக் கொட்டுகிறது, ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நிரல் புரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

நிரலாளரே தேவையில்லை என்ற பேச்சு இது முதல் முறை கேட்பதும் இல்லை. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியை வெளியிட்டபோது, கணினிக்குப் புரியும் எண்களில் எழுதும் பாடு ஒழிந்தது. 1959-இல் கோபோல் (COBOL) மொழி உருவானபோது, ஆங்கில வாக்கியம் போல இருப்பதால் மேலாளர்களே படித்துப் புரிந்துகொள்ளலாம் என்று நம்பினார்கள். நிரல் எழுதுவது எளிதாக எளிதாக, கணினியிடம் ஒப்படைக்கிற வேலைகள் பெருகின, நிரலாளர்களும் பெருகினார்கள். ஆனால் இதை வைத்து இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். இந்த முறை அடி விழுவது வேறொரு இடத்தில்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாங்கள் முதல் இரண்டு ஆண்டு என்ன வேலை கொடுப்போம்? சின்னப் பிழை திருத்தம், சோதனை எழுதுவது, ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழிக்கு மாற்றுவது. கருவிகள் நன்றாகச் செய்வது சரியாக இந்த வேலைகளைத்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம், பிறர் வகுத்துக் கொடுத்ததை நிரலாக்கும் புரோகிராமரையும், என்ன தேவை என்று ஆராய்ந்து முழு மென்பொருளையும் வடிவமைப்பவரையும் தனித்தனித் தொழிலாகக் கணக்கிடுகிறது. 2023 முதல் 2033 வரைக்கான அதன் மதிப்பீட்டில் முதல் வகை வேலை சுமார் 10 சதவீதம் குறையும், இரண்டாம் வகை சுமார் 17 சதவீதம் வளரும் என்று இருந்தது. அது அமெரிக்கக் கணக்கு, மதிப்பீடும்தான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொன்னதை மட்டும் செய்கிற நிரலாளருக்கு இடம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையை வெறுமனே மொழி ஒன்றை மனப்பாடம் செய்ய வைப்பது அதனால்தான் இனி உதவாது.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவரைப் பற்றிச் செய்தித்தாளில் வருகிறது. கல்லூரி வளாகத் தேர்வில் பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் பெரும்பாலோருக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளமோ, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டியே நிற்கிறது. அதற்குள் சென்னையில் வாடகை எவ்வளவு ஏறிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திறமையுள்ளவர்கள் நான்கைந்து ஆண்டுகளில் இதைத் தாண்டி மேலே போகிறார்கள் என்பதும் உண்மை. நடுவயதில் வரும் ஆபத்தைப் பெற்றோர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2025-இல் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருந்தவர்கள். வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து நிற்கும் வயது அது. அரசு வேலை போல ஓய்வு பெறும் வரை ஓடும் என்ற எண்ணத்தோடு இந்தத் துறைக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது.

இப்போது அந்த 40,000 ரூபாய்.

2020-இல் ஊரடங்கு நேரத்தில் வொயிட்ஹாட் ஜூனியர் என்ற நிறுவனத்தின் விளம்பரங்கள் எங்கும் வந்தன. வுல்ஃப் குப்தா என்ற சிறுவன் கோடிங் கற்று கூகுளில் கோடி ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டதாக அவற்றில் காட்டினார்கள். அப்படி ஒரு சிறுவனே இல்லை, அது கற்பனைப் பாத்திரம். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் அந்த நிறுவனத்தின் சில விளம்பரங்களை விலக்கிக்கொள்ளச் சொன்னது. அதை 30 கோடி டாலருக்கு வாங்கிய பைஜூஸ் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. எல்லா வகுப்புகளும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்றோரின் பயத்தை விற்பனைக்குப் பயன்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. "இப்போதே சேர்க்காவிட்டால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று போனில் சொல்கிறவர் உங்கள் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. நிரல் எழுத ஆறு வயதில் தொடங்கியவனுக்கும் பதினாறில் தொடங்கியவனுக்கும் கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் எந்த வித்தியாசமும் கண்டதில்லை.

அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்துப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிவிடலாம். அண்ணன், அக்கா முறையில் யாருக்காவது பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி மூலையில் கிடந்தால் அதுவே போதும்; லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பைத்தான் தாராளமாக ஓடும். செல்போனில் மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். சின்னத் திரையில் பத்து வரிக்கு மேல் எழுதினால் பிள்ளைக்கு வெறுத்துவிடும். மகளுக்கு ஸ்கிராட்ச் கொடுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்டது, இலவசம். வண்ணக் கட்டைகளை அடுக்கிக் கதையும் விளையாட்டும் செய்யலாம். மகன் நேரடியாகப் பைத்தானில் தொடங்கட்டும். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது, தமிழ் வழியிலும் இருக்கிறது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கணியம் என்ற தன்னார்வ முயற்சி 2012 முதல் தமிழில் கணினி நூல்களை இலவசமாக வெளியிட்டு வருகிறது. கொஞ்சம் தேறிவிட்டால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகப் பேராசிரியர்கள் முன்னின்று நடத்தும், பள்ளி மாணவர்களுக்கான நிரல் போட்டியான இந்தியக் கணினி ஒலிம்பியாடின் பழைய கேள்விகளை எடுத்துப் பார்க்கட்டும். கடினமாகத்தான் இருக்கும். ஒரு கேள்வியோடு ஒரு வாரம் கட்டிப் புரண்டாலும் பரவாயில்லை.

எதை எழுதுவது என்றால், வீட்டில் இருப்பதை. உங்கள் வீட்டில் தறிக்கணக்கு இருக்கிறது: எந்தத் தறியில் எத்தனை மீட்டர் ஓடியது, மின்சாரம் நின்ற நேரம் எவ்வளவு, கூலி எவ்வளவு. அதைத் தாளில் எழுதுகிற உங்கள் வீட்டுக்காரரை மகனிடம் விளக்கச் சொல்லுங்கள். அவன் அதை நிரலாக்கட்டும். முதல் மாதம் தப்பும் தவறுமாகத்தான் வரும். அப்பாவின் கணக்கோடு ஒத்துப்போகாதபோது அவன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறானா, சாப்பிடக் கூப்பிட்டாலும் "இதோ வருகிறேன்" என்று உட்கார்ந்திருக்கிறானா? ஒரே நாளில் தெரிந்துவிடாது. ஓர் ஆண்டு விட்டுப் பிடியுங்கள். கருவியிடம் கேட்டுக்கொள்ளட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் அது எழுதிய ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அவன் தன் தங்கைக்கு விளக்க முடிய வேண்டும்.

ஆங்கிலத்தை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். பைத்தான் மொழிக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்களே 35-தான். அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் தர்க்கத்தை எந்த மொழியிலும் யோசிக்கலாம், தமிழில் யோசித்தால் நம் பிள்ளைகளுக்கு விரைவில் பிடிபடுகிறது. எழில் என்று தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழி ஒன்றைக்கூட உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் வேலை என்று வரும்போது ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வதும் தெளிவாக நான்கு வரி எழுதுவதும் கட்டாயம் தேவை. அதற்குத் தனி வகுப்பைவிட, தினமும் ஏதாவது ஒரு பக்கம் ஆங்கிலம் படிக்கும் பழக்கம் உதவும்.

பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்ற கேள்வி இரண்டு ஆண்டில் உங்கள் முன் வந்து நிற்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் படிக்கப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணினி அறிவியல் மதிப்பெண் அதில் சேராது. ஆகவே மகன் மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை என்றால் கணிதமும் உயிரியலும் உள்ள பிரிவில் போடுங்கள், எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது, கட்டணத்தை அரசே ஏற்கிறது. நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும். மகள் ஆறாம் வகுப்பில் இருப்பதால் இதை இப்போதே சொல்கிறேன்.

கல்லூரி விஷயத்தில் பிரிவின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 முதல், நன்றாக இயங்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நீக்கிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அதே வேகத்தில் நல்ல ஆசிரியர்கள் ஏறவில்லை. சேருவதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய், மாணவர்கள் ஆய்வகத்தில் தாங்களே எழுதுகிறார்களா, ஏட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார்களா என்று இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் கேளுங்கள். அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி மிக எளிது: நூறு போன் எண்கள் உள்ள பட்டியலில் எது எது இரண்டு முறை வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எண்பது சதவீத மதிப்பெண்ணோடு வரும் பலர் இதற்கே திணறுகிறார்கள். நம் ஊரின் குறை மட்டும் என்று இதைச் சொல்ல முடியாது. 2001-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்குத் தேர்வு வைத்தார்கள். 110-க்கு அவர்கள் எடுத்த சராசரி 23-ஐக்கூடத் தொடவில்லை. பாடத்தில் தேறுவது வேறு, நிரல் எழுத வருவது வேறு. கல்லூரி இந்த இடைவெளியை நிரப்பும் என்று நம்பி லட்சக்கணக்கில் கடன் வாங்காதீர்கள்.

பொறியியல் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வேறு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஜோஹோ நிறுவனம் தன் பள்ளிகளில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துக் கற்றுக்கொடுத்து வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறது. தென்காசிப் பக்கமும் அது நடக்கிறது. போட்டி கடுமைதான். ஆனாலும் பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்துவிட்டு என்னோடு வேலை செய்பவர்களில் சிலர், எங்கள் குழுவிலேயே ஆகச் சிறந்தவர்கள்.

ஓர் ஆண்டு பார்த்தபின் மகனுக்கு இது ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் வருத்தப்படாதீர்கள், அவனையும் வருத்தப்பட வைக்காதீர்கள். அந்த ஓராண்டுப் பழக்கம் கணக்காளராகப் போனாலும், ஜவுளித் தொழில்நுட்பம் படித்தாலும், தறியையே விரிவாக்கினாலும் கூடவே வரும். கணினியில் இயங்கும் தறிகளைப் பார்த்து மிரளாமல், விற்க வருகிறவரிடம் சரியான கேள்வி கேட்கத் தெரிந்தவனாக இருப்பான். ஈரோடு, நாமக்கல் பக்கத்து நெசவுத் தொழிலுக்கு அப்படிப்பட்ட ஆட்கள் தேவை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. உங்கள் கேள்வி பெரும்பாலும் மகனைச் சுற்றியே இருக்கிறது. மகளுக்கு வயது குறைவு என்பதால் இருக்கலாம். பெண் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் நல்லது, உட்கார்ந்த இடத்து வேலை என்று சொல்லிப் படிக்க வைக்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களே, வேலை பெங்களூரில் கிடைத்தால் யோசிக்கிறார்கள், ராத்திரி அழைப்பு என்றால் முகம் சுளிக்கிறார்கள், கல்யாணம் நிச்சயமானதும் விடச் சொல்கிறார்கள். மூன்று, நான்கு ஆண்டு விட்டுவிட்டுத் திரும்பி வர நினைக்கும் பெண்களை நான் நேர்காணல் செய்கிறேன். அறிவு குறைந்திருக்காது, அதற்குள் கருவிகளெல்லாம் மாறியிருக்கும், மறுபடி தொடக்கச் சம்பளத்துக்கே வரச் சொல்வார்கள். மகளையும் மகனோடு அதே மடிக்கணினி முன் அதே நேரம் உட்கார வையுங்கள். ஒரு கணினிதான் இருக்கிறது என்றால் நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுங்கள். அவளுக்கு இது பிடித்துப்போய் இதுவே தொழில் என்று வந்துவிட்டால், வெளியூர் வேலைக்கும் கல்யாணத்துக்குப் பிறகான வேலைக்கும் இப்போதே வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். அதற்கு உங்களுக்கு இன்னும் பத்து ஆண்டு நேரம் இருக்கிறது.